தீபாவளிக்குப் பெரிய கடைகளை அடைக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஏழு ஆண்டுகள் நின்றேன். வேலை பார்த்தேன் என்றும் சொல்லலாம், ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் என் கால்கள் நினைவில் வைத்திருப்பது நின்றதைத்தான். என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது ஊரிலேயே ஒரு கணக்கு அலுவலகத்தில் இருக்கிறேன். பண்டிகை நாட்களில் பெரிய கடைகளை அடைக்க வேண்டும் என்று நான் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தீபாவளி அன்று ஜவுளிக்கடைகள் பெரும்பாலும் அடைத்துத்தானே இருக்கின்றன? பிறகு என்ன குறை?

முதல் நாள் இரவைப் பாருங்கள். எங்கள் கடையில் கடைசி வாடிக்கையாளர் வெளியே போகும்போது மணி ஒன்று, சில ஆண்டுகளில் ஒன்றரை. ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அப்போதும் குனிந்து உள்ளே வருபவர்கள் உண்டு. "ஒரே ஒரு சேலை, பார்த்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்" என்பார்கள். அந்த ஒரு சேலைக்காக நாற்பது சேலைகளை விரித்துப் போடுவோம். அவர்கள் போன பிறகு கவுன்டர் மேல் இடுப்பு உயரத்துக்குத் துணி குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டும், அட்டையை உள்ளே செருக வேண்டும், விலைச்சீட்டு வெளியே தெரிய வேண்டும், நிறம் பார்த்து அடுக்க வேண்டும். பட்டு மடிப்பு மாறினால் கோடு விழுந்துவிடும், திட்டு விழும். எல்லாம் முடிந்து, இருப்பு எண்ணி, போனஸ் கவரை வாங்கிக்கொண்டு விடுதிக்கு வரும்போது மணி மூன்று.

தமிழ்நாட்டுத் தீபாவளி எப்போது நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். விடியும் முன் எண்ணெய்க் குளியல். மஞ்சள் தடவிய புதுத்துணி, லேகியம், இட்லி. பட்டாசுக்குக்கூட 2018 முதல் காலையில் அரசு ஒதுக்கியிருப்பது 6 மணியிலிருந்து 7 மணி வரைதான். மதியச் சாப்பாட்டோடு பண்டிகை முடிந்துவிடும். சென்னையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அதிகாலை நான்கு மணிக்குப் பஸ் ஏறினாலும் ஊர் போய்ச் சேர மாலை ஆகும். மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை திறக்கும். ஆகவே வந்த கையோடு அன்று இரவே திரும்ப வேண்டும்.

ஏழு தீபாவளிகளில் நான் ஊருக்குப் போனது ஒரே ஒரு முறை. என்னுடன் வேலை பார்த்த சங்கரன்கோவில் பக்கத்து அக்கா ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் போவார். தம்பிக்கு எடுத்த சட்டைப் பையைக் கவுன்டருக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார். சட்டை போய்ச் சேரும்போது தம்பி வேறொரு சட்டையோடு தெருவில் விளையாடி முடித்திருப்பான்.

கடை அடைத்திருந்ததா என்றால், ஆம், அடைத்திருந்தது. எங்களுக்குத் தீபாவளி இருந்ததா என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

அப்படியானால் நீங்கள் கேட்பது என்ன?

மூன்று. தீபாவளிக்கு முதல் நாள் இரவு 9 மணிக்குள் பெரிய கடைகளின் ஷட்டர் முழுதாக இறங்க வேண்டும். தீபாவளி அன்றும் மறுநாளும் கடை திறக்கக் கூடாது. இந்தத் தேதிகளைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். பொங்கலுக்கும் இதே போல, தைப்பொங்கலும் மாட்டுப் பொங்கலும்.

மூன்றாவதைப் பலர் சாதாரணமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் முக்கியம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாட்களாக இருந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் தீபாவளி டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துபோவது தென் மாவட்டத்துக்காரர் எல்லோருக்கும் தெரியும். கடை ஊழியருக்கோ எந்த நாள் லீவு என்பது ஒரு வாரம் முன்புதான் தெரியவரும். அப்போது ஆம்னி பஸ் கட்டணத்தைக் கேட்டால், போனஸில் பாதியை அதற்கே எடுத்து வைக்க வேண்டியிருக்கும். லீவு கொடுத்தும் போக முடியாமல் விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து அடுத்த தெரு வாணவேடிக்கை பார்த்தவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

சட்டத்தில் ஏற்கெனவே விடுமுறை இருக்கிறதல்லவா?

இருக்கிறது, அதுவும் நல்ல சட்டம். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறை நாட்கள்) சட்டத்தின்படி ஆண்டுக்கு ஒன்பது நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் நிலையானவை. மீதி ஐந்து பண்டிகை நாட்கள். அவை எவை என்பதை முதலாளி, தொழிலாளர் இரு தரப்பையும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

அந்த நாட்களில் வேலைக்கு வரச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வந்தவருக்கு இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் மாற்று விடுப்பு. இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தொழிலாளிக்கு. முதலாளிக்கு அல்ல. ஏழு ஆண்டுகளில் என்னிடம் ஒருமுறைகூட யாரும் "உனக்கு எது வேண்டும்" என்று கேட்டதில்லை. இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதே வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

ஒவ்வொரு மே தினத்துக்கும் ஆகஸ்ட் 15-க்கும் மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி வரும்: தொழிலாளர் துறை ஆய்வு, விடுமுறை அளிக்காத இத்தனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை என்று. இந்தியாவில் மே தினம் முதன்முதலில் கொண்டாடப்பட்டது இதே சென்னைக் கடற்கரையில், 1923-இல், சிங்காரவேலர் தலைமையில். நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே ஊரில் மே தின விடுமுறைக்காக ஆய்வாளர் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

விரும்புகிறவர் வேலை செய்யட்டும், விரும்பாதவர் விடுப்பு எடுக்கட்டும். எல்லோருக்கும் ஏன் கடையை அடைக்க வேண்டும்?

கேட்க நியாயமாகத் தோன்றும் கேள்வி. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன்.

கடை திறந்திருக்கும் நாளில் ஒருவர் விடுப்புக் கேட்டால் அவருடைய கவுன்டரை இன்னொருவர் பார்க்க வேண்டும். அந்த இன்னொருவர் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர், ஒரே மெஸ்ஸில் சாப்பிடுபவர். ஆகவே விடுப்புக் கேட்பது முதலாளியிடம் கேட்பதாக இல்லாமல், தோழியின் தலையில் பாரத்தை ஏற்றுவதாகிவிடுகிறது. சூப்பர்வைசர் மறுக்கக்கூட மாட்டார்; "போயிட்டு வாம்மா, ஆனால் சீசன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பார். அந்தப் 'பார்த்துக்கொள்வோம்' எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். கைத்தறிப் பிரிவிலிருந்து குடோனுக்கு மாற்றம், அத்தோடு கமிஷனும் போய்விடும்.

எல்லாக் கடையும் அடைத்திருந்தால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முதலாளிக்கும் அதில் நிம்மதி உண்டு. எங்கள் முதலாளியே ஒருமுறை எங்கள் முன்னால் சொன்னார்: "எதிர்க்கடைக்காரன் இறக்கினால் நான் அரைமணி நேரம் முன்னாலேயே இறக்கிவிடுவேன்." எதிர்க்கடைக்காரரும் தம் ஊழியரிடம் இதையேதான் சொல்லியிருப்பார். ஒருவர் மட்டும் இறக்கினால் நட்டம், இருவரும் சேர்ந்து இறக்கினால் நட்டமில்லை. இந்த இடத்தில்தான் பொதுவான விதி வேண்டியிருக்கிறது.

பலர் இரட்டைச் சம்பளத்தைத்தான் விரும்புகிறார்கள். அவர்கள் வருமானத்தைப் பறிப்பது சரியா?

இரட்டைச் சம்பளத்தை விரும்புகிறவர்கள் உண்டு, நானே விரும்பியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் நின்றேன். அந்தப் பணம் தேவைப்பட்டது, உதவியது. அதைத் தவறென்று இன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் பண்டிகையை விற்றால்தான் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் சம்பளம் இருக்கிறது என்றால் திருத்த வேண்டியது சம்பளத்தை. ஆண்டில் ஒன்பது விடுமுறைகள் இருக்கின்றன. நான் அடைக்கச் சொல்வது தீபாவளி, பொங்கலைச் சுற்றிய சில நாட்களை மட்டும். மற்ற நாட்களில் வேண்டுபவர் இரட்டைச் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டும்: அடைக்கும் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. சம்பளமில்லாத விடுமுறை பசியோடு கொண்டாடச் சொல்வது போலாகிவிடும்.

வியாபாரம் படுத்துவிடாதா? தீபாவளிக்கு முதல் நாள் இரவு விற்பனைதானே உச்சம்?

ஜவுளியைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தீபாவளித் துணி தீபாவளிக்கு முன் வாங்கியே ஆக வேண்டிய பொருள். ஒன்பது மணிக்குக் கடை அடைக்கும் என்று தெரிந்தால் மக்கள் ஏழு மணிக்கு வருவார்கள், அல்லது முந்தைய ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். துணி எடுக்காமல் யாரும் இருந்துவிட மாட்டார்கள். தீபாவளிக்கு மறுநாளோ, கடையில் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்கும். அன்றைய பில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தூக்கம் கண்ணைச் சுழற்ற, யாரும் கலைக்காத சேலைகளை மறுபடி மடித்துக்கொண்டிருப்போம். அந்த ஒரு நாள் திறப்பால் யாருக்கு என்ன லாபம் என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

நகைக்கடைக்கு அட்சய திருதியை, இனிப்புக்கடைக்குத் தீபாவளி வாரம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் கணக்கு வேறு. பண்டிகை அன்று காலையில் விற்கிற பால், பூ, பழம், இனிப்பை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

சின்னக் கடைக்காரர்கள், நடைபாதை வியாபாரிகள் என்ன செய்வார்கள்?

அவர்களைத் தொடவே கூடாது. ரங்கநாதன் தெருவில் தள்ளுவண்டியில் கைக்குட்டையும் ரிப்பனும் விற்பவருக்குத் தீபாவளி முதல் நாள் நள்ளிரவு என்பது இரண்டு மாதச் சாப்பாடு. அவர் யாரையும் கட்டாயப்படுத்தி நிறுத்தி வைக்கவில்லை. தெருமுனை மளிகைக்கடையில் கணவன், மனைவி, மகன்தான் ஆட்கள். அவர்கள் வீடே கடைக்குப் பின்னால் இருக்கிறது.

அளவு பார்த்துப் பிரிக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாள் வணிகச் சட்டம் இதைத்தான் செய்தது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது, சிறிய கடைகள் திறக்கலாம். அந்தச் சட்டத்துக்காக அங்கே கடைத் தொழிலாளர் சங்கம் முன்னின்று பிரச்சாரம் செய்தது. நம் ஊரில் ஆட்களின் எண்ணிக்கையை எல்லையாக வைக்கலாம். 24 மணி நேரமும் கடை திறக்க 2019-இல் தமிழக அரசு அனுமதி தந்தபோது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் என்றுதான் வரையறுத்தது. திறக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அடைக்கவும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அரசு சொல்லிக் கடை அடைப்பது நடைமுறையில் முடியுமா?

முடிந்துகொண்டுதானே இருக்கிறது. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாது நபி, அந்த நான்கு தேசிய விடுமுறைகள் என்று ஆண்டில் எட்டு நாட்கள் டாஸ்மாக் கடைகள் மாநிலம் முழுக்க அடைக்கப்படுகின்றன. வருமானம் போகிறதே என்று அந்த எட்டு நாட்களை யாரும் எடுத்துவிடவில்லை. ஆனால் தீபாவளி அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே விற்பனையாளராக நிற்பவருக்கும் ஒரு வீடும் எண்ணெய்க் குளியலும் இருக்கின்றன.

இன்னொன்று, வியாபாரிகள் தாங்களே செய்வது. மே 5 வணிகர் தினம். மாநாட்டுக்காகப் பல ஊர்களில் கடைவீதியே அடைத்துக் கிடக்கும். முன்கூட்டியே அறிவிப்பு வரும். மக்கள் நான்காம் தேதியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊர் பட்டினி கிடந்ததில்லை. வணிகருக்காக ஒரு நாள் கடைவீதியை அடைக்க முடிந்த சங்கங்கள், அதே ஒற்றுமையோடு ஊழியருக்காக இரண்டு நாட்கள் அடைக்க முடியும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

2023-இலும் 2024-இலும் தீபாவளிக்கு மறுநாளையும் அரசு விடுமுறையாக அறிவித்தார்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர அவகாசம் வேண்டும் என்பதற்காக. அந்தக் காரணம் அரசு ஊழியருக்குப் பொருந்துகிறது என்றால் கடை ஊழியருக்கும் அப்படியே பொருந்தும். இருவரும் ஏறுவது ஒரே பஸ்ஸில்.

டாக்டர், நர்ஸ், பஸ் டிரைவர் எல்லோரும் பண்டிகை அன்று வேலை செய்கிறார்களே?

செய்கிறார்கள், அவர்களை வணங்க வேண்டும். அவர்கள் வராவிட்டால் உயிர் போகும், ஊர் நின்றுவிடும். சேலை ஒரு நாள் கழித்துக் கிடைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

எல்லோரும் இந்துக்கள் இல்லையே? பிற மதத்தவர், வடமாநிலத்தவர் நிலை என்ன?

எங்கள் பிரிவிலேயே ரம்ஜான் அன்று நின்ற அக்காக்களும், கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடித்து ஓடி வந்தவர்களும் இருந்தார்கள். இப்போது பீகாரிலிருந்து வந்தவர்களும் கடைகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத் தீபாவளியைவிட, அது கழிந்து ஆறாம் நாள் வரும் சத் பூசைதான் பெரிது.

இதற்கு 1958 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஐந்து பண்டிகை நாட்களை ஊழியரைக் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது. பெரும்பாலோர் ஊருக்குப் போகிற தீபாவளி, பொங்கலுக்குக் கடையை அடைத்துவிட்டு, மற்ற பண்டிகை விடுமுறைகளை அவரவர் பண்டிகைக்கு எடுத்துக்கொள்ள விடலாம். ரம்ஜான் அன்று கடை முழுக்க விடுப்புக் கேட்காது. நிற்க ஆட்கள் இருப்பார்கள். பொங்கல் வீட்டுக்காரர்கள் மகிழ்ச்சியோடு நிற்பார்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கடைகளை அடைத்தால் எல்லோரும் ஆன்லைனில் வாங்கிவிட மாட்டார்களா?

தீபாவளி அன்று ஆர்டர் செய்தால் அன்றே துணி வந்துவிடாது என்பதால் ஜவுளிக்கு இந்தப் பயம் பெரிதல்ல. பத்து நிமிடத்தில் கொண்டுவரும் மளிகைக்குப் பயம் நியாயம். ஆனால் பண்டிகை அன்று பைக்கில் வருகிற அந்தப் பையனும் யார் வீட்டுப் பிள்ளையோ. அவருக்கும் விடுமுறை வேண்டும்.

வெளிநாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாட்களிலும் கடைகள் பெரும்பாலும் அடைத்தே இருக்கும். பெட்ரோல் பங்க், ரயில் நிலையக் கடைகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் நன்றி நவிலும் நாளில் பெரிய கடைகள் திறக்க மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெய்ன் ஆகிய மாநிலங்களில் தடை உண்டு. மற்ற மாநிலங்களில் பெரிய சங்கிலிக் கடைகள் போட்டி போட்டுக்கொண்டு அன்று மாலையே திறந்தன. 2020-இல் கொரோனாவால் அடைத்தார்கள். மறு ஆண்டு டார்கெட் நிறுவனம் இனி அந்த நாளில் நிரந்தரமாக அடைப்பதாகவே அறிவித்துவிட்டது. அடைத்துப் பார்த்த பிறகுதான் அது முடியும் என்று அவர்களுக்கும் தெரிந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கடையில் உட்கார நாற்காலி வேண்டும் என்று கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு விற்பனைப் பெண்கள் கேட்டபோது அதைப் பொருட்படுத்தியவர் குறைவு. 2018-இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் செய்தது.

வாடிக்கையாளராக நான் என்ன செய்யலாம்?

பாதி இறங்கிய ஷட்டருக்குள் குனிந்து போகாதீர்கள். துணியை ஒரு வாரம் முன்பே எடுங்கள். பில் போடும் இடத்தில் "தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்களா" என்று கேளுங்கள், அதுவும் முதலாளி காதில் விழும்படி. நாங்கள் நூறு முறை கேட்டால் விழாத காதில் வாடிக்கையாளர் ஒருமுறை கேட்டால் விழும்.

நான் கடையில் வேலை பார்க்கிறேன். விடுமுறையும் தரவில்லை, இரட்டைச் சம்பளமும் தரவில்லை. யாரிடம் சொல்வது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. அங்கே மனுக் கொடுக்கலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் தொழிற்சங்கத்தின் மூலம் கொடுங்கள், அல்லது நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கைக்கு அடக்கமான ஒரு நோட்டு வாங்கி, விடுமுறை நாளில் வேலை பார்த்த தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அந்த மாதம் கையில் வாங்கிய சம்பளம் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் மறந்துவிடும். களைப்பில் எனக்கு அப்படித்தான் எல்லாம் மறந்துபோனது. நோட்டைக் கடையில் வைக்காதீர்கள்.